எதிரியில்லாத யுத்தம்

ஈரலில் கொழுப்புப் படிவது குடிகாரர்களுக்கு மட்டுமே நேரும் என்றெண்ணி நாம் நிம்மதியாயிருக்கிறோம். மதுவையே தொடாதவர்க்கும் அது வருகிறது. கொழுப்புச் சேர்ந்த மாத்திரத்தில் ஈரல் கெட்டுவிடுவதில்லை. அதன் மிகுதியால் ஈரலின் உயிரணுக்கள் நைந்து மடியும்போதுதான் விபரீதம் ஆரம்பமாகிறது. கிருமிகளை விழுங்குவதற்கென்று அங்கே குடியிருக்கும் ‘குப்பர்’ அணுக்கள், பகைவன் புகுந்துவிட்டதைப்போல் அபாயச் சங்கு ஊதுகின்றன. இரத்தத்திலிருந்து வெள்ளணுக்களும் திரண்டு வருகின்றன, அழற்சி மூளுகிறது. இந்த வீண் யுத்தம் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் ஈரல் தழும்பேறிக் கெட்டிப்படுகிறது. நோயாளிக்கோ நெடுநாள் வலியே தெரிவதில்லை. ஆகவே, நீரிழிவோ பருமனோ உள்ளவர்கள் வைத்தியரிடம் சோதித்துக்கொள்வது நலம். பருத்தவர்கள் தம் எடையில் நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு குறைத்தாலே, பெரும்பாலோர்க்கு அழற்சி தணிகிறது. தழும்பு முற்றுமுன் விழித்துக்கொள்வோமாக.