உப்பு வயலில் நெல் பிழைக்குமா?

நாஞ்சில் என்றால் கலப்பை. கலப்பையின் பெயரையே தாங்கிய நாடு, நாஞ்சில் நாடு. கன்னிப்பூ, கும்பப்பூ என்று ஆண்டுக்கு இரண்டு போகம் நெல் விளையும் பூமி இது.

இந்தப் பூமிக்கு ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல். மலையிலிருந்து நல்ல தண்ணீர் வருகிறது. கடலிலிருந்து உப்பு வருகிறது. பழையாறு கடலில் கலக்கும் மணக்குடிப் பக்கம் இரண்டும் சந்திக்கின்றன. ஆற்றில் நீர் குறைந்தால் உப்பு நீர் மேலே ஏறும்.

தண்ணீரில் நின்றும் தாகம்!

உப்பு ஏறிய வயலில் தண்ணீர் நின்றாலும் பயிரால் குடிக்க முடியாது. உப்பு அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வேர் வழியே உள்ளே போகும் உப்பு, பயிருக்கு வேண்டிய சாம்பல் சத்தையும் தடுக்கிறது. இலை நுனி கருகுகிறது. கதிர் பதராகிறது. நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் ஆபத்து அதிகம்.

இலை வழியே உணவு

வேர் கைவிட்டால் இலை இருக்கிறது அல்லவா? சாம்பல் சத்தையும் துத்தநாகச் சத்தையும் நீரில் கரைத்து இலை மேல் தெளிக்கலாம். ஆஸ்பிரின் மாத்திரைக்கு உறவான சாலிசிலிக் அமிலத்தை மிகச் சிறு அளவில் தெளித்தால், பயிருக்கு உப்பைத் தாங்கும் சக்தி கூடுவதை விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள்.

காலையிலோ மாலையிலோ தெளிக்க வேண்டும். கரைக்கும் தண்ணீர் உப்பாக இருக்கக் கூடாது. அளவு கூடினால் இலை கருகும். திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுச் செய்வது நல்லது.

தெளிப்பு ஒரு குடைதான்

குடை மழையை நிறுத்தாது; நனையாமல் காக்கும். தெளிப்பும் அப்படித்தான். மண்ணில் உள்ள உப்பு மண்ணிலேயே இருக்கும். அதைக் கழுவ நல்ல தண்ணீரும், கழுவிய நீர் வெளியேற வடிகாலும் வேண்டும். 2004 டிசம்பர் 26ல் சுனாமி வந்தபோது நாகப்பட்டினம் வயல்களில் கடல் நீர் புகுந்தது. பின்னர் பெய்த மழைதான் அந்த உப்பைப் பெரிதும் கழுவியது.

உப்பைத் தாங்கும் விதையும் உண்டு. கோ 43, டி.ஆர்.ஒய். 3 அத்தகைய ரகங்கள்.

பேச்சிப்பாறை அணை 1906ல் கட்டி முடிந்தது. அதன் தண்ணீர் கடைமடை வரை காலத்தில் வந்து சேர்ந்தால், பயிருக்கு அதைவிடப் பெரிய மருந்து இல்லை. கால்வாய் தூர்ந்து கிடந்தால், எந்தத் தெளிப்பும் நெடுநாள் காப்பாற்றாது.