எமரால்டு ஏரியும் எங்க வீட்டு சின்டெக்ஸ் டேங்கும்

கோவையில் எங்கள் வாடகை வீட்டில் மொத்தம் ஐந்து பேர். ஐந்து பேரும் ஒரே விஷயத்துக்குத் தலையாட்டுவது அமாவாசையில் நிலா பார்க்கிற மாதிரி. அது இந்த ஜனவரியில் ஒரு சனிக்கிழமை ராத்திரி நடந்தது. "மச்சி, ஊட்டில உறைபனியாம்டா, போலாமா?" என்று ஒருவன் கேட்டான். யாரும் மறுப்பு சொல்லவில்லை. வாடகைக்கு ஒரு கார், இ-பாஸ், டப்பா நிறைய புளிசாதம். விடிகாலை மூன்று மணிக்கு வண்டி கிளம்பிவிட்டது.

உறைபனி பார்த்தோமா? பார்த்தோம். தலைகுந்தாவில் புல்வெளி முழுக்க உப்பைத் தூவிவிட்ட மாதிரி வெள்ளை. வெயில் ஏறிய அரை மணி நேரத்தில் ஒன்றும் இல்லை, வெறும் ஈரம். விரல் விறைத்துப்போய் டீ கிளாஸைக்கூடப் பிடிக்க முடியவில்லை. அடுத்து ஊட்டி ஏரி. கூட்டத்தைப் பார்த்ததும் இறங்காமலே கிளம்பிவிட்டோம். அந்த ஏரி இயற்கையானது இல்லை தெரியுமோ? 1820களில் கோயமுத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் ஓடைத் தண்ணீரைத் தடுத்து உண்டாக்கியது. பிற்பாடு ஊர் வளர்ந்து, ஊர்ச் சாக்கடையும் அதில் வந்து சேர்ந்தது.

அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி எமரால்டு. சரிவெல்லாம் தேயிலையும் கேரட்டும். கீழே நீலமாக, அசையாமல் தண்ணீர். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எங்கள் வீட்டுக்கு அது பெரிய சாதனை :)

கரையில் உட்கார்ந்து புளிசாதத்தைக் காலி செய்தோம். டப்பாக்களை ஏரியிலேயே அலசினோம். வழியில் வாங்கிய சிப்ஸ் கவர் காற்றில் பறந்து தண்ணீரில் விழுந்தது. அது படகு மாதிரி மிதந்து போனதை ஒருவன் வீடியோ எடுத்தான். எல்லாரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

திரும்பும்போது குன்னூர் வழி வேண்டாம், மஞ்சூர் - கெத்தை வழியாக இறங்கலாம் என்றான் மெக்கானிக்கல் படிக்கும் நண்பன். 43 கொண்டை ஊசி வளைவு, யானைக் காடு. ஒரு வளைவில் மலையிலிருந்து நேராகக் கீழே இறங்கும் ராட்சதக் குழாய்களைக் காட்டி, "இதுக்குள்ள என்ன போகுது சொல்லு?" என்றான்.

நாங்கள் டப்பா கழுவிய தண்ணீர்!

அவன் சொன்னதை வீட்டுக்கு வந்து நானும் படித்துப் பார்த்தேன். எமரால்டும் அதோடு ஒட்டிய அவலாஞ்சியும் குந்தா நீர்மின் திட்டத்தின் அணைகள். 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவியோடு தொடங்கிய திட்டம். எமரால்டு தண்ணீர் சுரங்கத்தில் போய் குந்தா பாலம் மின்நிலையத்தில் கரண்ட் எடுக்கிறது. பிறகு கெத்தையில் ஒரு முறை, பரளியில் ஒரு முறை. கடைசியில் பில்லூர் அணை. அங்கிருந்து ஒரு பங்கு வெள்ளியங்காட்டில் சுத்திகரிக்கப்பட்டு கோவைக்கு வருகிறது.

கோவைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. போரில் வருவது உப்புத் தண்ணி. குடிக்க, சமைக்க எங்கள் பக்கம் பில்லூர் தண்ணிதான். ஹவுஸ் ஓனர் அம்மா கீழே இருந்து "தம்பி, நல்ல தண்ணி விட்டாச்சு" என்று குரல் கொடுத்தால், பரீட்சை நாளாக இருந்தாலும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். தண்ணியில் கொஞ்சம் வாடை அடித்தால் மாநகராட்சியைத் திட்டுவோம். அதே நாங்கள்தான் எமரால்டில் சிப்ஸ் கவரை வழியனுப்பி வைத்தோம். சுத்திகரித்துத்தானே வருகிறது என்று சமாதானம் சொல்லலாம். சொந்த வீட்டு டேங்கில் யாராவது எச்சில் டப்பாவைக் கழுவினால் அந்தச் சமாதானம் எடுபடுமா?

சரி, என் கருத்துக்கு வருகிறேன். மலை ஏரி என்பது நமக்காகப் போட்டு வைத்த பொழுதுபோக்கு இடம் இல்லை. சமவெளியில் இருக்கிற நம்முடைய மேல்நிலைத் தொட்டி அது. அங்கே போகிறவன் அந்த நினைப்போடு போக வேண்டும்.

இந்தத் தொட்டி தானாக நிரம்புவதும் இல்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஆனால் ஜனவரியில் மழை இல்லாதபோதும் ஓடைகள் ஓடுகின்றனவே, எப்படி? மேலே இருக்கிற சோலைக்காடும் புல்வெளியும் மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. காட்டை அழித்துச் சரிவை உழுதால் மழையோடு மண்ணும் இறங்கும். குந்தா அணையில் சேறு சேர்வது பல வருடப் பிரச்சினை. நான் படிப்பது காமர்ஸ், அதனால் எனக்கு இது தேய்மானக் கணக்கு. தேயும் சொத்துக்கெல்லாம் தேய்மானம் எழுதுகிறோம். இதற்கு மட்டும் எழுதுவதில்லை.

இ-பாஸ் பற்றி ஒரு வார்த்தை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது நடைமுறைக்கு வந்தது. 2025 கோடை சீசனுக்கு ஊட்டிக்கு நாளொன்றுக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வைத்தார்கள். வியாபாரிகள் பிழைப்பு போகிறது என்று எதிர்த்தார்கள். அவர்கள் கவலை நியாயமானது. அதனால் எங்கள் பயணத்தையே கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

கார் வாடகை - கோவையில். பெட்ரோல் - கோவையில். புளிசாதம் - கோவையில். மலையில் நாங்கள் செலவு செய்தது ஐந்து பேருக்கு இரண்டு ரவுண்டு டீ, சிப்ஸ், ஒரு கட்டு கேரட். 300 ரூபாயைத் தாண்டவில்லை. பதிலுக்கு விட்டுவிட்டு வந்தது புகை, நெரிசல், ஒரு பிளாஸ்டிக் கவர். அந்த ஊருக்கு எங்களால் லாபமா நஷ்டமா? இதைச் சொல்ல டிகிரி தேவையில்லை.

ஆக, வண்டிகளைக் குறைப்பதில் எனக்குச் சம்மதம். ஆட்களை விரட்டச் சொல்லவில்லை. கவர்மென்ட் பஸ்ஸில் போகலாம். ஒரு ராத்திரி தங்கலாம். அந்த ஊர் மெஸ்ஸில் சாப்பிடலாம். குப்பையைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவரலாம். இதில் எதற்கும் புதுச் சட்டம் வேண்டாம்.

ஊர் வந்த மறுநாள் காலை ஓனர் அம்மா குரல் கொடுத்தார். ஐந்து பேரும் குடத்தோடு குழாயடியில் நின்றோம். வீடியோ எடுத்தவன் அதை அழித்துவிட்டானாம். வீடியோ போய்விட்டது. கவர் இன்னும் அங்கேதான் இருக்கும்.