யாழ்ப்பாணத்துக்கு ரெண்டு நாள் போறீங்களா? சோனகத் தெருவுக்கும் போங்க

பதிவு கொஞ்சம் நீளம். இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

தவணை விடுமுறை நெருங்கினால் நம்மட வட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான்: "இந்த முறை எங்க ட்ரிப்?" முன்பு நுவரெலியா, எல்ல என்று போனவர்கள் இப்போது யாழ்ப்பாணம் போகிறார்கள். நல்லது. ஆனால் போய் வந்தவர்களின் படங்களைப் பாருங்கள். நூலகத்துக்கு முன்னால் ஒரு செல்ஃபி, கோட்டை மதிலில் ஒரு செல்ஃபி, நல்லூரடியில் ஐஸ்கிறீம் கோப்பையோடு ஒரு செல்ஃபி. மிச்ச நேரமெல்லாம் நயினாதீவுப் படகுக்கும் கசூரினா கடலுக்கும் போய்விடுகிறது. கடல் நமக்கு வீட்டுப் பின்பக்கமே இருக்கிறது. அதைப் பார்க்கவா எட்டு மணித்தியாலம் வேனில் இருந்து முதுகை உடைக்க வேண்டும்?

போன விடுமுறையில் நாங்களும் போனோம். எங்கள் குடும்பம், ராத்தாவின் குடும்பம், உம்மா. புறப்படும்போதே மாமா ஒருவர் கேட்டார்: "என்னத்துக்கு அங்க? நம்மட ஆக்கள ரெண்டு மணித்தியாலத்துல வெரட்டின ஊரு." அதற்கு முந்திய மாதம் பாடசாலையில் பத்தாம் தரப் பிள்ளைகளின் கல்விச் சுற்றுலாவுக்கு யாழ்ப்பாணத்தை நான் சொன்னபோதும் பெற்றோர் கூட்டத்தில் இதே வார்த்தைதான் வந்தது. கடைசியில் பிள்ளைகள் மிருகக்காட்சிசாலைக்கும் நீச்சல் தடாகத்துக்கும் போய் வந்தார்கள். வரலாறு பாடப் புத்தகத்திலேயே இருந்துவிட்டது.

மாமா சொன்னது பொய்யில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ஜின்னா மைதானத்துக்கு வரச் சொல்லி, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போகும்படி புலிகள் கட்டளையிட்டார்கள். கையில் சொற்பக் காசு, மாற்ற ஒரு உடுப்பு. காதில் கிடந்த தோட்டைக்கூடக் கழற்றி வாங்கிவிட்டுத்தான் விட்டார்கள். அந்த மாதத்தில் வடமாகாணம் முழுவதிலிருந்தும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலானோர் புத்தளத்துக்குப் போய் ஓலைக் கொட்டில்களில் இருந்தார்கள். எனக்கு அப்போது ஒரு வயது. அதற்குக் கிட்டத்தட்ட மூன்று மாதம் முன்பு காத்தான்குடிப் பள்ளிகளில் இஷாத் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டதை உம்மா இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டுதான் சொல்வார். அதே ஓகஸ்டில் வீரமுனையில் தமிழ்ச் சனம் கொல்லப்பட்டதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம் வீடுகளில் அதைச் சொல்வது குறைவு.

ஆனால் அந்த ஊர் விரட்டியவர்களின் ஊர் மட்டுமா? விரட்டப்பட்டவர்களின் ஊரும் அதுதானே. நாம் போகாமல் விட்டால் யாருக்கு நட்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். நேரம் இரண்டே நாள்தான் என்றால் தீவுகளை மறந்துவிடுங்கள். நகரத்துக்குள்ளேயே இருங்கள். வியாழன் இரவு புறப்பட்டால் வெள்ளி விடியப் போய்ச் சேரலாம். வெள்ளிக்கிழமையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

காலைச் சாப்பாட்டுக்குச் சைவக் கடை. ஹலாலா இல்லையா என்று தலையைப் பிய்க்க வேண்டியதில்லை. தோசை, உளுந்து வடை, சம்பல், சாம்பார், பால் தேத்தண்ணி. தோசையும் சாம்பாரும் நம்மட பக்கத்தில் கிடைப்பது போல இருக்காது, புளியும் உறைப்பும் அங்கே வேறு கணக்கு. என் சின்ன மகள் மூன்று தோசை சாப்பிட்டாள். வீட்டில் ஒன்றுக்கே சண்டை.

வெயில் ஏற முன்பு கோட்டை. போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஐங்கோண வடிவில் திருப்பிக் கட்டினார்கள். உள்ளே ஒல்லாந்தர் காலத்துத் தேவாலயம் ஒன்று இருந்தது, யுத்தத்தில் இடிந்துபோய்க் கற்குவியலாகக் கிடக்கிறது. பிள்ளைகள் மதிலில் ஓடட்டும், நீங்கள் அந்தக் கற்களுக்குப் பக்கத்தில் ஒரு ஐந்து நிமிடம் நில்லுங்கள். அதற்குமேல் கோட்டையில் நேரம் செலவழிக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

நூலகம் நடந்துபோகிற தூரம்தான். பார்வையாளர்களை உள்ளே விடும் நேரத்தை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பலர் வாசலோடு திரும்புவது அதனால்தான். 1981 மே 31 இரவு தொடங்கி எரித்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. இப்போது நாம் பார்க்கிற வெள்ளைக் கட்டடம் திரும்பக் கட்டியது. அங்கே நின்று பிள்ளைகளுக்கு இதைச் சொன்னேன். பதினொரு வயது மகன் உடனே ஒன்றும் கேட்கவில்லை. பின்னேரம் ஜின்னா மைதானத்துக் கதையைச் சொன்ன பிறகுதான் கேட்டான்: "உம்மா, லைப்ரரிய எரிச்ச ஆக்களும் முஸ்லிம்கள வெரட்டின ஆக்களும் ஒரே ஆக்களா?"

பதினைந்து வருடத்துக்குக் கிட்ட வகுப்பறையில் நிற்கிறேன். இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. இல்லை மகன், எரித்தது பொலிஸாரும் அவர்களோடு சேர்ந்த கும்பலும். விரட்டியது, அந்த எரிக்கப்பட்ட மக்களுக்காகப் போராடுகிறோம் என்று சொன்னவர்கள். "அப்ப எரிக்கக்குள்ள அழுத ஆக்கள், வெரட்டக்குள்ள பாத்துட்டு இருந்தாங்களா?" என்று அடுத்தது கேட்டான். சிலர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சிலர் அழுதார்கள், பேசியிருந்தால் அவர்களையும் சுட்டிருப்பார்கள் என்றேன். அவனுக்கு அது போதவில்லை. எனக்கும் போதவில்லை. ஆனால் காலையில் நூலகமும் பின்னேரம் சோனகத் தெருவும் என்று ஒரே நாளில் வைத்திருக்காவிட்டால் அந்தக் கேள்வியே பிறந்திருக்காது. ஒன்றை மட்டும் பார்த்தவன் ஒரு கதையோடு வீட்டுக்குப் போவான். அதனால்தான் இரண்டையும் பிரித்துப் போடாதீர்கள் என்கிறேன்.

வெள்ளிக்கிழமை என்று சொன்னேனே, அது ஜும்ஆவுக்காக. ஆண்கள் பெரிய பள்ளியில் ஜும்ஆ தொழட்டும். பிரயாணிக்குக் கடமையில்லை என்பது தெரியும். ஆனாலும் அந்த ஊர் ஜமாஅத்தைச் சந்திக்க அதைவிட நல்ல நேரம் இல்லை. பெண்களுக்கு எங்கே தொழ இடம், எங்கே கழிவறை என்பதை முன்கூட்டியே பள்ளி நிருவாகத்தில் யாரிடமாவது கேட்டு வையுங்கள். ட்ரிப் திட்டமிடுகிற ஆண்கள் இதை யோசிப்பதே இல்லை. பிறகு நாங்கள் வேனுக்குள் இருந்து வேர்ப்போம்.

மானிப்பாய் வீதி, ஆஸாத் வீதி, ஐந்து சந்தி. மெதுவாக நடந்து பாருங்கள். திருத்திக் குடியிருக்கிற வீடு ஒன்று, பக்கத்தில் கூரையில்லாமல் சுவரில் மரம் முளைத்த வீடு ஒன்று, அதற்கடுத்து கைமாறிப்போன வளவு. ஒஸ்மானியாக் கல்லூரி. அதன் மைதானம்தான் ஜின்னா மைதானம். ஒரு காலத்தில் தையல், நகை, இரும்பு, லொறி என்று நகரத்து வியாபாரத்தில் இந்தத் தெருவுக்குப் பெரிய பங்கு இருந்தது. எம்.எம். சுல்தான் என்ற முஸ்லிம் யாழ்ப்பாண மாநகர மேயராக இருந்திருக்கிறார். முகியித்தீன் புராணம் பாடிய பதுறுத்தீன் புலவர், அசனாலெப்பைப் புலவர் எல்லாம் இந்த ஊர்தான்.

கல்முனைப் பக்கத்து ஆட்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். ஏ.எம்.ஏ. அஸீஸ் 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தவர். இலங்கை சிவில் சேவைக்குள் போன முதல் முஸ்லிம். 1942இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். உணவுத் தட்டுப்பாட்டுக் காலம், நெல் விளைவிக்கிற வேலைக்கு வந்தவர், நம்மட பிள்ளைகள் படிக்காமல் இருப்பதைப் பார்த்து மனம் நொந்தார். கல்முனையில் கல்விச் சங்கம் தொடங்கினார். சுவாமி விபுலானந்தரோடு பேசிப் பழகினார். பிறகு முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியம், கொழும்பு ஸாஹிராவின் அதிபர் பதவி என்று வாழ்க்கை முழுக்கக் கல்விதான். அந்த நிதியத்தின் காசில் படித்து வைத்தியர், பொறியியலாளர் ஆனவர்களின் பேரப்பிள்ளைகள் நமக்குள் இருக்கிறார்கள். அந்த மனிதர் பிறந்த தெருப்பக்கத்தைத்தான் "என்னத்துக்கு அங்க?" என்று கேட்கிறோம். ஒரு இந்துக் கல்லூரி படிப்பித்து அனுப்பிய முஸ்லிம், ஒரு இந்துத் துறவியோடு இருந்து கிழக்கு முஸ்லிமின் கல்வியைப் பற்றிப் பேசியிருக்கிறார். இன்றைக்குப் பிரதேச செயலக விடயத்தில் நாமும் பக்கத்துத் தமிழ் ஊரும் முகம் பார்க்காமல் நிற்கிற நிலையை அவர் பார்த்தால் என்ன நினைப்பாரோ தெரியாது.

அந்தத் தெருவில் ஒரு தையல் கடை. அறுபது தாண்டிய ஒரு அப்பா. புத்தளத்தில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். நாங்கள் கிழக்கு என்றதும் கதிரை எடுத்துப் போட்டார். நான் சும்மா இருக்காமல் ஆசிரியப் புத்தியில் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். கொஞ்ச நேரம் பொறுமையாக இருந்துவிட்டுச் சொன்னார்: "மகள், வந்தனீங்கள், சந்தோஷம். ஆனா எங்களைப் பார்த்துப் பாவப்படுறதுக்கு வராதேங்கோ. துணி தைக்கக் குடுங்கோ."

முகத்தில் அறைந்தது போல இருந்தது. பிறகு அவரே சிரித்துக்கொண்டு தொடர்ந்தார். அவருடைய பிள்ளைகள் புத்தளத்திலேயே பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே கலியாணம் முடித்தவர்கள். இங்கே வருவதற்கு அவர்களுக்குக் காரணம் இல்லையாம். "தொழில் நடந்தா வருவினம். சும்மா நினைவுக்காக ஆர் வருவினம்?" என்றார்.

அதனால்தான் சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். நாம் ட்ரிப் போகும்போது என்ன செய்கிறோம்? விடிய எழும்பிப் புரியாணி ஆக்கி, சஹனும் சட்டியும் வேனில் ஏற்றி, போகிற ஊரில் ஒரு தண்ணீர்ப் போத்தல் மட்டும் வாங்கிவிட்டு வருகிறோம். ஹலால் பயம் எனக்கும் விளங்குகிறது. ஆனால் அந்தத் தெருவிலேயே முஸ்லிம் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. இருபது பேர் வருகிறோம் என்று இரண்டு நாள் முன்னாடி பள்ளிப் பக்கம் யாருக்காவது கோல் எடுத்துச் சொன்னால் ஆக்கித் தர வீடுகள் இருக்கும். எங்களுக்கு ஒரு வீட்டில் ஒடியல் கூழ் காய்ச்சித் தந்தார்கள். ஒடியல் மா, மீன், இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை, செத்தல் மிளகாய், பழப்புளி. நண்டு போடவா வேண்டாமா என்று முதலே கேட்டார்கள், ஏனென்றால் நண்டு கூடுமா கூடாதா என்பதில் எங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு கருத்து. போடாமல்தான் காய்ச்சினார்கள். உம்மா இரண்டு கோப்பை குடித்துவிட்டு, "நம்மட ஊருல பனை இருந்தும் இத ஒருத்தரும் செய்யல்லையே" என்றார்.

பின்னேரம் நல்லூர். கோயிலுக்கு வெளியே வீதியில் நின்று கோபுரத்தைப் பார்க்கலாம், சனம் நடமாடுவதைப் பார்க்கலாம், ஐஸ்கிறீமும் குடிக்கலாம். உள்ளே போவது போகாததைப் பற்றி நான் பத்வா கொடுக்க வரவில்லை. அங்கே நின்று சத்தம் போடாமல், படுத்துப் புரண்டு டிக்டொக் எடுக்காமல் இருந்தால் போதும். நம்மட பள்ளிக்கு முன்னால் யாராவது அப்படிச் செய்தால் நமக்கு எப்படி இருக்கும்?

இரண்டாம் நாள் சனிக்கிழமை காலை திருநெல்வேலிச் சந்தை. புழுக்கொடியல், பனங்கட்டி, பனாட்டு, சீசன் என்றால் கறுத்தக் கொழும்பான் மாம்பழம். பனாட்டு முதலில் பிள்ளைகளுக்குப் பிடிக்காது, திரும்பி வருகிற வழியில் வேனுக்குள் தேடுவார்கள். பிறகு மந்திரிமனை, சங்கிலியன் தோப்பு, யமுனா ஏரி. மூன்றும் கிட்டக்கிட்ட இருப்பதால் ஒரு மணித்தியாலத்தில் முடியும். நாவலர் வீதியில் சின்னதாக ஒரு தொல்பொருள் நூதனசாலை உண்டு, நேரமிருந்தால் பாருங்கள்.

சந்தையில் ஒரு தமிழ் அம்மாவிடம் பனங்கட்டி வாங்கும்போது, முந்தின நாள் சோனகத் தெருவுக்குப் போனதாகச் சொன்னேன். "அதெல்லாம் ஏன் பிள்ளை இப்ப கிளறுறியள்?" என்றார், கோபமில்லாமல். கொஞ்சம் கழித்து, காசை எண்ணிக்கொண்டே, "எங்கட வீட்டு உடுப்பெல்லாம் அங்கதான் தைச்சனாங்கள். அவையள் போன வருஷம் தைக்க ஆளில்லை" என்றார். அவ்வளவுதான். அடுத்த ஆளுக்கு நிறுக்கத் தொடங்கிவிட்டார்.

வருகிற தவணையில் பத்தாம் தரப் பெற்றோர் கூட்டத்தில் இதை மறுபடியும் கேட்கப் போகிறேன். இம்முறை வேண்டாம் என்கிறவர்கள் ஒரு தடவை உங்கள் பிள்ளையோடு தனியாகவாவது போய் வந்துவிட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். பள்ளியில் யாரோடு பேச வேண்டும், சாப்பாட்டுக்கு எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்ற விபரம் வேண்டுமானால் இன்பொக்ஸில் கேளுங்கள்.

மகனுக்குப் பாடசாலைக் காற்சட்டை இரண்டு அந்த அப்பாவிடம் அளவு கொடுத்துவிட்டு வந்தோம். பஸ்ஸில் அனுப்பிவிட்டார். ஒரு அங்குலம் நீளமாக வைத்துத் தைத்திருக்கிறார், பிள்ளை வளருவானாம்.