வலையின் கண்

தேனியிலும் கம்பத்திலும் கடல் இல்லை. ஆகவே மீன்பிடி லைசென்ஸ், படகுப் பதிவு, வலைக் கட்டுப்பாடு என்ற பேச்செல்லாம் ராமேசுவரத்துக்காரர்களுக்கும் நாகப்பட்டினத்துக்காரர்களுக்கும் உரியவை என்று எங்கள் பக்கத்துப் பெரிய மனிதர்கள் நினைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பையும் கையுமாக அணை மீன் வாங்கப் புறப்படுகிறவர்களும் அப்படியே நினைக்கிறார்கள். கதை எழுதும் என் இனத்தாரும் இதற்கு விலக்கல்ல. நம் கதைகளில் மீனவன் என்றால் அலை வேண்டும், நிலா வேண்டும், கரையில் காத்திருக்க ஒரு பெண் வேண்டும். வைகை அணையின் நடுத் தண்ணீரில் பரிசலில் குந்தியபடி விடியுமுன் வலை இழுக்கிறவனைக் கதாநாயகனாக்க யாருக்கும் மனம் வரவில்லை. சர்க்காருக்கு மட்டும் அவன் ஞாபகம் இருக்கிறது, லைசென்ஸ் எங்கே என்று கேட்பதற்கு.

லைசென்ஸே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. 1959-ல் வைகை அணை திறக்கப்பட்ட பிறகுதான் ஆண்டிபட்டிப் பக்கத்தில் இத்தனை பெரிய நீர்ப்பரப்பு உண்டாயிற்று. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரும் வருசநாட்டு மலைத் தண்ணீரும் அங்கே வந்து தேங்குகின்றன. ஆனால் தண்ணீர் தேங்கினால் மீன் தானாக நிறைந்துவிடும் என்று எண்ணக் கூடாது. கட்லா, ரோகு, மிருகால் மூன்றும் வடநாட்டு ஆற்று மீன்கள். தேங்கிய நீரில் அவை குஞ்சு பொரிப்பதில்லை; ஓடுகிற வெள்ளம் வேண்டும். பண்ணையில் குஞ்சு பொரிக்க வைத்து, விரல் நீளம் வளர்த்துக் கொண்டுவந்து அணையில் விடுகிறார்கள். ஆகவே அது விதைத்த பயிர். விதைத்த பயிருக்குக் காவல் வேண்டும் என்றால் அதில் நியாயம் இருக்கிறது.

காவல் எதற்கு என்பதில்தான் எனக்குத் தகராறு. நம்முடைய உரிமச் சீட்டு ஆளைப் பற்றிக் கேட்கிறது: நீ யார், எந்த ஊர், எந்தச் சங்கம், பணம் கட்டினாயா? மீனுக்கு இந்த விவரம் எதுவும் வேண்டியதில்லை. தன்னைப் பிடிக்கிறவன் சங்க உறுப்பினனா இல்லையா என்று எந்தக் கட்லாக் குஞ்சும் விசாரித்ததில்லை. அதற்கு உயிர்ப் பிரச்னை ஒன்றே ஒன்று. வலையின் கண் எவ்வளவு பெரிது?

அணையில் விரிக்கும் வலையைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அது வீசுகிற வலை அல்ல. தண்ணீருக்குள் திரைபோலத் தொங்குகிற வலை. மீன் தலையை நுழைக்கும், உடல் நுழையாது, பின்வாங்கினால் செவுள் மாட்டிக்கொள்ளும். கண்ணைவிடச் சிறிய மீன் அப்பால் போய்விடும். மிகப் பெரியதோ தலையையே நுழைக்க முடியாமல் திரும்பிவிடும். எந்த அளவு மீன் சாக வேண்டும், எது வளர வேண்டும் என்பதை வலையே தீர்மானித்துவிடுகிறது. இதைவிட நல்ல உத்தியோகஸ்தர் வேண்டுமா? சம்பளம் கிடையாது, மாமூல் கிடையாது, இராத் தூக்கமும் கிடையாது! ஆனால் கண்ணை இழுத்துப் பிடித்து, முடிச்சுக்கு முடிச்சு அளந்து பார்க்கிறவரைக் கரையில் காண்பது அபூர்வம். சின்னக் கண் வலையைக் கடையில் அடுக்கி வைத்து விற்கிறவரைக் கேட்பார் இல்லை. வாங்கி விரித்தவன் அகப்பட்டால் வலை பறிமுதல்.

இது ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய தத்துவமும் அல்ல. 1897-ல் வெள்ளைக்காரன் போட்ட இந்திய மீன்வளச் சட்டமே, தண்ணீரில் வெடி வைப்பதையும் விஷம் கலப்பதையும் குற்றமாக்கியதோடு, வலையின் அளவையும் வகையையும் கட்டுப்படுத்த விதிகள் செய்யும் அதிகாரத்தை மாகாண சர்க்காருக்குக் கொடுத்தது. அந்த அதிகாரம் ஏட்டில் ஏறி நூற்றிருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது.

கடலோரத்தில் எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே சண்டையாவது சரியான இடத்தில் நடக்கிறது. 1983-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் விசைப்படகைப் பதிவு செய்யச் சொல்கிறது. கரையை ஒட்டிய கடலில் அது மீன் பிடிக்கக் கூடாது என்கிறது. அந்த நீர் கட்டுமரத்துக்கும் நாட்டுப் படகுக்கும் உரியது. சுருக்குமடி வலையை 2000-ல் தமிழக சர்க்கார் தடை செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2023 ஜனவரியில் கோர்ட் இடைக்கால அனுமதி ஒன்று கொடுத்தது: 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் திங்களும் வியாழனும் மட்டும், காலை எட்டு மணி முதல் மாலை ஆறு வரை. சரியா தவறா என்பது இருக்கட்டும். ஒரு வலைக்காக நாட்டின் மிகப் பெரிய நீதிபதிகள் கிழமை குறித்தார்கள் அல்லவா? எங்கள் பக்கத்தில் கண்மாய் மீன் ஏலத்தில் நான் கேட்டதெல்லாம் தொகை ஒன்றைத்தான்.

இந்த ஏலம்தான் வினையின் வேர். அதிகத் தொகை கேட்டவருக்குக் கண்மாய். அணைகளிலும், பிடித்த மீனைப் பங்கு பிரிக்கும் முறை ஒருபுறம் இருக்க, தனியாருக்குக் குத்தகை விடும் முறையும் உண்டு. சில வருஷக் குத்தகை எடுத்தவர் கெடு முடியுமுன் போட்டதை எடுக்கத்தான் பார்ப்பார். அவரைக் குறை சொல்லவில்லை, வியாபாரம் அது. ஆனால் கம்பத்தில் திராட்சைத் தோட்டத்தைக் குத்தகைக்கு விடுகிற விவசாயி, குலையை அறுக்க விடுவாரே தவிரக் கொடியில் கத்தி வைக்க விடமாட்டார். சர்க்கார் விடுகிறது. கோடையில் நீர்மட்டம் இறங்கி மீனெல்லாம் ஒரு மூலையில் ஒடுங்கும் நாளில் போய்ப் பாருங்கள். வளர விட்டால் ஒரு வருஷத்தில் கிலோவை எட்டக்கூடிய கட்லா, உள்ளங்கை அளவில் கூறுகட்டி விற்கப்படும். பரிசல்காரன் அதைப் பிடித்தது யாருக்காக? அணையில் லைசென்ஸ் அவன் பெயரில், மீன் குத்தகைதாரருக்கு, கூலி அவனுக்கு, குற்றமும் அவனுக்கு.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு; அலட்சியம் செய்யத் தக்கதல்ல. கண்ணைப் பெரிதாக்கினால் ஜிலேபிக் கெண்டை தப்பிவிடும், ஏழை எதைப் பிடித்துப் பிழைப்பான் என்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து 1952-ல் இந்தியாவுக்கு வந்த இந்த மீன் யாரும் விடாமலே பெருகும். குஞ்சுகளை வாயில் வைத்துக் காக்கும். உருவம் சிறிது, விலை மலிவு. பரிசல்காரன் வீட்டு அடுப்பு பல நாள் எரிவது இதனால்தான். ஆகவே எல்லா இடத்துக்கும் ஒரே கண் என்று சென்னையில் உட்கார்ந்து எழுதினால் அதுவும் அநியாயமே. குஞ்சு விட்ட மாதங்களில், விட்ட பகுதியில், சின்னக் கண் கூடாது. மற்றபடி ஜிலேபிக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கிவிடலாம். எந்தப் பக்கம் என்பதைப் பரிசல்காரனைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்வான். அவனைக் கேட்கும் வழக்கம்தான் நம்மிடம் இல்லை.

அடுத்த முறை உங்கள் ஊர்க் கண்மாய்க்கோ அணைக்கோ மீன் ஏல நோட்டீஸ் ஒட்டினால், தொகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். வலைக்கண் அளவு என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், அளவுகோலோடு கரையில் நிற்கப் போகிறவர் யார் என்றும், அளவு குறைந்தால் அபராதம் குத்தகைதாரருக்கா பரிசல்காரனுக்கா என்றும் ஆபீசில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.