சொல்லாமல் விட்ட வேர்

எங்கள் குடியிருப்பில் பெரியவர் ஒருவர் இருக்கிறார். இதயத் துடிப்பு சீராக இல்லாததால், இரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க ‘வார்ஃபரின்’ மாத்திரை சாப்பிட்டு வருகிறார். சில மாதங்களுக்கு முன் பல் துலக்கும்போதெல்லாம் அவருக்கு ஈறில் இரத்தம் கசிந்தது. கைகளில் நீலத் திட்டுகள் தோன்றின. சோதித்துப் பார்த்தபோது, இரத்தம் உறைவதற்கு அளவுக்கு மீறிய நேரம் எடுப்பது தெரிந்தது. மாத்திரையின் அளவோ மாறவில்லை.

“வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா, ஐயா?” என்று மருந்தாளுநர் கேட்டார். இதயத்துக்கு நல்லது என்று நண்பர் சொன்னதை நம்பி, சீன மருந்துக் கடையில் ‘டான்ஷென்’ என்னும் வேரை வாங்கி, ஒரு மாதமாகக் காய்ச்சிக் குடித்ததைப் பெரியவர் அப்போதுதான் சொன்னார். “அது மருந்து இல்லையே, தம்பி! வெறும் வேர்தானே!”

வேர் என்றால் தீங்கு செய்யாது என்ற இந்த எண்ணம்தான் ஆபத்தானது என்பது என் கருத்து. மருந்துகளில் பல செடிகளிலிருந்தே வந்தவை. வீக்க நோய்க்குக் கிராமத்துப் பெண்மணி ஒருவர் கொடுத்துவந்த கைமருந்தை ஆராய்ந்த வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர், நரிக்கையுறைச் செடியைப் பற்றி 1785இல் நூல் எழுதினார். இன்றும் பயன்படும் ‘டிகாக்சின்’ என்னும் இதய மருந்து அந்தச் செடியினத்திலிருந்து கிடைப்பதே. வார்ஃபரினின் கதையும் அப்படித்தான். 1920களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து இறந்தன. அதன் காரணத்தைத் தேடிய ஆய்வே பிற்காலத்தில் இம்மாத்திரைக்கு வழிகாட்டியது. செடிக்கு நோய் தீர்க்கும் ஆற்றல் உண்டு என்றால், கெடுக்கும் ஆற்றலும் உண்டு அல்லவா?

டான்ஷென் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டுகிறது. அதனால் இரத்தக் கசிவு ஏற்படுகிறது. ஜின்செங் அதன் வேகத்தைக் குறைக்கக்கூடும். அப்போது இரத்தம் கட்டி, பக்கவாதம் வரலாம். அதிமதுரத்தை அதிகமாக உட்கொண்டால் உடலில் பொட்டாசியம் குறையும். அந்நிலையில் டிகாக்சின் நஞ்சாக மாறலாம். குழம்பில் போடும் பூண்டுக்கு அஞ்சத் தேவையில்லை. ஆனால், அதையே செறிவாக்கி அடைத்த மாத்திரைகள் வேறு.

மூலிகையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது நம் முன்னோர் விட்டுச் சென்ற செல்வம். மறைப்பதுதான் தவறு. அந்தத் தவறிலும் நோயாளிக்கு மட்டும் பங்கில்லை. திட்டு விழுமோ என்று அஞ்சியே பலர் வாய் திறப்பதில்லை. ஆகவே, மருத்துவர்கள் ஒவ்வொரு முறையும் இதைப் பற்றிக் கேட்க வேண்டும்; கடிந்துகொள்ளாமல் கேட்க வேண்டும்.

இளையோருக்கும் இதில் பொறுப்பு உண்டு. தாத்தா பாட்டி உட்கொள்ளும் மாத்திரை, கஷாயம், தூள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பொட்டலத்தையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். மலேசியாவில் பதிவுபெற்ற பாரம்பரிய மருந்துகளில் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் எண் இருக்கும். அது இல்லாதவற்றை வாங்காதீர்கள். எண் இருந்தாலும், அது வேறு மாத்திரையோடு ஒத்துப்போகும் என்பதற்கு உறுதியில்லை. அதே வேளையில், பயந்துபோய் மருத்துவர் தந்த மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் கூடாது.

எங்கள் பெரியவர் நலமாக இருக்கிறார். அந்த வேரைக் குடிப்பதை நிறுத்திவிட்டார். மருந்தாளுநர் கேட்ட அந்த ஒரு கேள்வியை, இன்றைக்கே நம் வீட்டுப் பெரியவர்களிடம் நாமும் கேட்கலாமே!