பென்ஷன் உண்டு, மேலும் பிடித்தம் ஏன்?
அரசு ஊழியர்கள் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

சிங்கப்பெருமாள் கோயில்:-

அரசாங்க பென்ஷன் உறுதி என்று ஆன பிறகும், ஓய்வு காலத்துக்கென்று சம்பளத்தில் இன்னொரு தொகையை ஒதுக்கத்தான் வேண்டுமா? தாம்பரம், கடற்கரை பக்கம் போகும் காலை மின்சார ரெயிலுக்காக சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனில் காத்து நிற்கும் அரசு ஊழியர்களைக் குடையும் கேள்வி இது.

"சேமநிதியில நான் கூடுதலாகவே பிடிக்கச் சொன்னேன். பொண்ணு கல்யாணத்துக்கு அதுதான் கைகொடுத்தது. நீயும் போடு தம்பி" என்பார் ஓய்வுபெறப் போகும் மூத்தவர்.

"ஏற்கனவே பத்து சதவீதம் போகுது சார். அதுக்கு மேலயுமா?" என்பார் இளம் ஆசிரியர்.

இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் இருவரும் பேசுவது ஒரே பணத்தைப் பற்றி அல்ல. குழப்பமே அங்குதான்.

அவர் பணம் வேறு

தமிழக அரசுப் பணியில் 2003 ஏப்ரல் 1-ந் தேதிக்கு முன் சேர்ந்தவருக்கு பழைய பென்ஷன். அதற்காக அவர் சம்பளத்தில் ஒரு பைசாவும் பிடிப்பதில்லை. பொது சேமநிதிக்குப் பிடிப்பது முழுக்க முழுக்க அவர் சொந்தப் பணம். வட்டியோடு திரும்பி வரும். வீடு, கல்யாணம், வைத்தியம் என்றால் நடுவிலேயே எடுக்கலாம்.

ஆகவே அவர் கூடுதலாகப் போட்டது பென்ஷனுக்காக அல்ல. மொத்தமாக ஒரு தொகை கையில் நிற்பதற்காக!

2003 ஏப்ரல் 1-க்குப் பின் சேர்ந்தவர் கதை வேறு. அவர் பங்களிப்பு பென்ஷன் திட்டத்தில் வந்தார். சம்பளத்தில் 10 சதவீதம் பிடித்தம். அரசும் அதே அளவு போட்டது. பொது சேமநிதிக் கணக்கு கிடையாது. ஓய்வு பெற்றபோது சேர்ந்த தொகை வந்தது. மாதப் பென்ஷன் வரவில்லை. இதை எதிர்த்துத்தான் வருடக்கணக்காக போராட்டம். 2019 ஜனவரியில் நடந்த வேலைநிறுத்தத்திலும் இதுவே முக்கியக் கோரிக்கை.

வந்த மாற்றம்

2026 ஜனவரி 3-ந் தேதி தமிழக அரசு 'உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம்' அறிவித்தது. கடைசிச் சம்பளத்தில் பாதி பென்ஷன், அகவிலைப்படியும் உண்டு. பென்ஷன்தாரர் இறந்தால் குடும்பத்துக்கு அதில் 60 சதவீதம். ஊழியரின் 10 சதவீத பிடித்தம் மட்டும் தொடரும். மேற்கொண்டு ஆகும் செலவு அரசுடையது.

ரெயில்வே, தபால் போன்ற மத்திய அரசு இலாகாக்களில் 2004-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கும் இதே சாயலில் 2025 ஏப்ரல் 1 முதல் ஒரு திட்டம் இருக்கிறது. 25 வருட சர்வீஸ் இருந்தால், கடைசி 12 மாத அடிப்படைச் சம்பள சராசரியில் பாதி. அவர்களுக்கும் 10 சதவீத பிடித்தம் உண்டு.

மாதா மாதம் வரும் பணத்துக்கு வழி பிறந்தது. ஆனால் அந்த 10 சதவீதம் பென்ஷனுக்காகவே போகிறது. மகன் படிப்புக்கு, அம்மா ஆபரேஷனுக்கு என்று சேமநிதி மாதிரி எடுக்கிற பணம் அல்ல அது. இளையவருக்கு உள்ள குறை இதுதான்.

இன்னொரு பென்ஷனா?

இந்தக் குறையைப் பார்த்துவிட்டு, இன்னொரு பென்ஷன் பாலிசியில் பணம் கட்டுவது தலைவலிக்கு வயிற்று மருந்து குடிப்பது போல. அதிலும் பணம் வயோதிகம் வரை பூட்டித்தான் கிடக்கும். அரசு பென்ஷன் விலைவாசிக்குத் தக்கபடி ஏறும். விலைக்கு வாங்கும் பென்ஷன் பெரும்பாலும் ஏறாது. இன்று 5 ஆயிரம் என்றால் இருபது வருடம் கழித்தும் 5 ஆயிரம்தான்.

"வருமான வரி மிச்சமாகுமே" என்று பலர் கட்டினார்கள். தேசிய பென்ஷன் திட்டத்தில் கூடுதலாகப் போடும் ரூ.50 ஆயிரத்துக்குச் சலுகை உண்டு. ஆனால் அது பழைய வரி முறையில் இருப்பவருக்கு மட்டும். புதிய முறையில் கிடையாது. அந்த முறையில் ஆண்டுக்கு ரூ.12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு வரியே இல்லை என்று 2025 பட்ஜெட்டில் வந்துவிட்டது. இல்லாத வரியை மிச்சம் பிடிக்க பணத்தைப் பூட்டுவானேன்?

அப்படியானால் நிறுத்தலாமா?

கூடாது. சேமிப்பை நிறுத்தக்கூடாது; இடத்தை மாற்றலாம்.

சேமநிதிக் கணக்கு உள்ள மூத்தவர்கள் கூடுதல் பிடித்தத்தைத் தொடர்வதில் தவறில்லை. வருடத்துக்கு ரூ.5 லட்சத்துக்கு மேல் போட்டால் மட்டும், அதிகப்படிக்கு வரும் வட்டிக்கு வரி உண்டு.

இளையவர்களுக்குப் பக்கத்து தபால் ஆபீசிலேயே பி.பி.எப். இருக்கிறது. கணக்கு 15 வருடம். நடுவில் கடன் வாங்கலாம். ஏழாம் வருடம் முதல் ஒரு பகுதியை எடுக்கலாம். 2020 ஏப்ரலில் வட்டி 7.1 சதவீதமாக்கப்பட்டது. அந்த வட்டியில் மாதம் ரூ.2 ஆயிரம் போட்டால் 15 வருடத்தில் கட்டியது ரூ.3 லட்சத்து 60 ஆயிரம். கிடைப்பது சுமார் ரூ.6 லட்சத்து 30 ஆயிரம். வரி கிடையாது.

கடன் இருந்தால்?

முதலில் அதை அடைக்க வேண்டும். 14 வட்டிக்கு ஒரு லட்சம் கடனை வைத்துக்கொண்டு, 7.1 வட்டிக்கு ஒரு லட்சத்தைப் போட்டு வைத்தால், வருடத்துக்கு ரூ.6 ஆயிரத்து 900 நஷ்டம். சேமிப்பு என்ற பெயரில் கைநஷ்டம்!

இன்னொன்றும் உண்டு. பென்ஷன் வாங்குகிறவருக்குப் பின் துணைக்கு வரும். துணைக்கும் பின், வளர்ந்த பிள்ளைகளுக்குப் பொதுவாக வராது. கணக்கில் நிற்கும் பணம் நாமினி கைக்கு வரும்.

மூத்தவர் சொன்ன "போடு" என்ற வார்த்தை சரிதான். எங்கே போடுவது என்பதில்தான் காலம் மாறிவிட்டது. மாதச் சோற்றுக்கு பென்ஷன் உண்டு. திடீர் செலவுக்கு எடுக்கிற பணம் எங்கே என்பதே இளைய ஊழியர் இனி கேட்க வேண்டிய கேள்வி.