சாட்சியின் ஆயுள்

2025 டிசம்பரில் பாராளுமன்றம் நிறைவேற்றிய நீக்கல் மற்றும் திருத்தச் சட்டம், காலாவதியான பழஞ்சட்டங்கள் பலவற்றைக் களைந்த கையோடு, 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்திலிருந்து 213-ஆம் பிரிவையும் அகற்றிவிட்டது. கட்சிக்காரர்கள் இச்செய்தியை ‘இனி புரொபேட் வேண்டாமாம்’ என்ற ஒற்றை வாக்கியமாகக் கேட்டுக்கொண்டு நம் அலுவலகப் படியேறுகிறார்கள். அந்த வாக்கியம் பிழையன்று என்றாலும், அதை மட்டும் நம்பி உயில் எழுதிக்கொடுப்பது எத்தகைய அபாயம் என்பதைச் சகவழக்கறிஞர்களுக்கு எடுத்துரைக்கவே இவ்வுரை எழுதப்படுகிறது.

நீங்கிய பிரிவின் தன்மையை அறிந்துகொள்ள நவி மும்பையின் சான்பாடாவைவிட ஏற்ற இடம் இல்லை. 1870-ஆம் ஆண்டின் ஹிந்து உயில்கள் சட்டம் வங்காள லெப்டினன்ட் கவர்னரின் ஆட்சிப் பகுதிக்கும் சென்னை, பம்பாய் நகரங்களுக்கும் மட்டுமே செய்த ஏற்பாடு, 1925-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் குடிபுகுந்து, பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அசல் உரிமையியல் எல்லைக்குள் எழுதப்பட்ட ஹிந்து உயில்களுக்கும், வெளியே எழுதப்பட்டாலும் அவ்வெல்லைக்குள் கிடக்கும் ஸ்தாவர சொத்தைத் தொடுகிற உயில்களுக்கும் புரொபேட்டைக் கட்டாயமாக்கிற்று. அந்த எல்லை வாஷிக் கழிமுகத்தோடு நின்றது. தாணே மாவட்டத்தைச் சேர்ந்த சான்பாடாவில் அமர்ந்து, சான்பாடா வீட்டைக் குறித்து ஒருவர் எழுதிய உயிலுக்குப் புரொபேட் வேண்டியதில்லை. அதே வீட்டைக் குறித்து, செம்பூரில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது அவர் கையெழுத்திட்டிருந்தால் வேண்டும். சான்பாடாவிலேயே கையெழுத்திட்டு, மாதுங்காவில் உள்ள பழைய வீட்டையும் அதில் சேர்த்திருந்தால் அப்போதும் வேண்டும். நம் கைக்கு வரும் உயில்கள் பலவற்றில் ‘இடம்’ என்ற வரிக்கு நேரே, நவி மும்பையில் எழுதியதற்கும் வெறுமனே ‘மும்பை’ என்றே போட்டிருக்கும். அந்த ஒரு சொல்லினால், எழுதியவர் மறைந்தபின், அவர் எந்தக் கரையில் இருந்து கையெழுத்திட்டார் என்ற விசாரணைக்கு மனைவி மக்கள் ஆளானதுண்டு. இந்த அநாவசிய பேதம் ஒழிந்ததை நாம் மனமுவந்து வரவேற்கிறோம். முஸ்லிம்களுக்கு இந்த நிர்ப்பந்தம் என்றுமே இருந்ததில்லை; இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கிற்று; ஹிந்து, பார்சி முதலியோருக்கு, அதுவும் சில பகுதிகளில் மட்டும், அது நீடித்ததற்கு நியாயம் இல்லை.

ஆனால் நீங்கியது புரொபேட் பெறும் கட்டாயமே. உயிலை மெய்ப்பிக்கும் கடமை முன்போலவே நிற்கிறது. இரண்டு சாட்சிகளும் எழுதியவர் கையெழுத்திடக் கண்டிருக்க வேண்டும், அல்லது ‘இது என் கையெழுத்து’ என்று அவர் வாயால் ஒப்புக்கொள்ளக் கேட்டிருக்க வேண்டும், பின்னர் அவர் முன்னிலையில் தாங்களும் கையெழுத்திட வேண்டும் என்ற வாரிசுரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் ஓர் எழுத்தும் மாறவில்லை. சாட்சி உயிரோடிருக்கையில் ஒருவரையாவது அழைத்து விசாரிக்க வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷ்ய அதினியம் 67-ஆம் பிரிவில் விதிக்கிறது. வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் 1958-இல் நீதிபதி கஜேந்திரகட்கர் வகுத்துரைத்த நெறியும், அதாவது உயிலைச் சூழ்ந்த சந்தேகங்களை அதை முன்வைப்பவனே நீக்கியாக வேண்டும் என்பதும், இன்றும் நம்மைக் கட்டுப்படுத்துகிறது. உயிலைப் பதிவு செய்துவிட்டால் போதும் என்று எண்ணுவோருக்கும் இதுவே விடை: பதிவு உதவியாக நிற்கும், நிரூபணமாகாது.

கட்டாயப் புரொபேட் செலவையும் தாமதத்தையும் கொணர்ந்தது உண்மை. எனினும், எவரும் வாய்விட்டுச் சொல்லாத ஓர் உபகாரத்தையும் அது செய்துவந்தது. மரணம் நிகழ்ந்து சிறிது காலத்துக்குள்ளாகவே உயிலை அது நீதிமன்றத்துக்கு இழுத்தது. சாட்சியின் பிரமாணப் பத்திரம் தாக்கலாயிற்று. வாரிசுகளுக்கு அறிவிப்பு போயிற்று. ஆட்சேபம் உள்ளவர் கேவியட் போட்டார். சண்டை என்றால் சாட்சிகள் கண்ணும் காதும் நன்றாயிருக்கும்போதே அது மூண்டு தீர்ந்தது. இனி நடக்கப்போவதை எளிதில் ஊகிக்கலாம். மூத்த மகன் உயிலைப் பீரோவில் வைத்துவிட்டு வீட்டில் குடியிருப்பான். சொசைட்டியும் பங்குப் பத்திரத்தில் பெயரை மாற்றித் தரும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும்போதோ விற்கும்போதோ, வாங்குபவரின் வழக்கறிஞர் மூலப் பத்திரங்களைக் கேட்பார், திருச்சியில் இருக்கும் தங்கை பங்கு கேட்பாள். உயிலில் சாட்சியிட்டவர்களோ, எழுதியவரோடு ஒரே பேங்கில் வேலை பார்த்து ஒரே ஆண்டில் ஓய்வு பெற்றவர்கள். ஒருவர் காலமாகிவிட்டார், மற்றவர் பாலக்காட்டில் நினைவு தவறிப் படுத்திருக்கிறார்.

ஆகையால் நிரூபணத்தை எழுதும் நாளிலேயே தேடி வைப்பது நம் தொழிலின் கடமையாகிறது. சாட்சிகளுள் ஒருவராவது எழுதுபவரைவிட இருபது வயது இளையவராக இருக்கட்டும். அவருடைய மும்பை விலாசத்தோடு சொந்த ஊர் விலாசத்தையும் எழுதுங்கள்; நம்மவர்கள் ஓய்வுக்குப்பின் ஊர் திரும்புகிறவர்கள். காகிதத்தை வாசலோடு அனுப்பி ‘இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள்’ என்று வாங்கும் வழக்கத்தை அடியோடு நிறுத்துங்கள். யார் எங்கே அமர்ந்திருந்தார், எந்தப் பேனாவை யார் கொடுத்தார், உயிலைத் தமிழில் படித்துக் காட்டியவர் யார் என்பவற்றைச் சாட்சி அன்றே பிரமாணப் பத்திரமாக எழுதிக் கொடுக்கட்டும். குறுக்கு விசாரணைக்கு அது ஈடாகாது என்றாலும், பின்னாளில் அவர் நினைவுக்கு ஊன்றுகோலாகும். பிள்ளைகளுக்குள் கசப்பு இருப்பது தெரிந்தால், கட்டாயம் இல்லாவிட்டாலும் புரொபேட் பெறச் சொல்லுங்கள். மஹாராஷ்டிரத்தில் அதற்கான நீதிமன்றக் கட்டணம் எத்தனை கோடி சொத்தானாலும் 75,000 ரூபாயைத் தாண்டாது; கிடைக்கும் தீர்ப்போ உலகத்தார் அனைவரையும் கட்டுப்படுத்துவது.

நியமனதாரர் விஷயத்திலும் ஒரு சொல். சொசைட்டியில் நாமினேஷன் கொடுத்துவிட்டேன், உயில் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, காலநிர்ணய் நாட்காட்டியை நிறுவிய ஜயந்த் சால்காவ்கரின் குடும்ப வழக்கில் உச்சநீதிமன்றம் 2023 டிசம்பரில் சொன்னதை எடுத்துக் காட்டுங்கள்: பங்குகளுக்கு நியமிக்கப்பட்டவர் அவற்றின் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. வீட்டு வசதிச் சங்கங்களைப் பொறுத்தவரை, மஹாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 154பி-13-ஆம் பிரிவின்படி, வாரிசுகள் உறுப்பினராகும் வரையில் நியமனதாரர் தற்காலிக உறுப்பினரே.

தாராவியிலிருந்து வரும் திருநெல்வேலி, தூத்துக்குடிக் கிறிஸ்தவக் குடும்பங்களின் உயில்களில் மட்டும் நாம் தனிக் கவனம் கொள்ள வேண்டும். வாரிசுரிமைச் சட்டத்தில் ஹிந்து உயிலுக்குப் பொருந்தாத 67-ஆம் பிரிவு அவர்களுக்குப் பொருந்தும்: சாட்சியிட்டவருக்கோ அவருடைய கணவன் அல்லது மனைவிக்கோ உயிலில் எழுதிய பங்கு செல்லாது. உயில் நிற்கும், பங்கு போய்விடும். வீட்டில் படித்தவர் என்று மாப்பிள்ளையைச் சாட்சியாக நிறுத்தினால், மகளுக்கென்று தந்தை எழுதிய அறை அவளுக்கு அந்த உயிலின்படி கிடைக்காது. புனரமைப்பில் அந்த அறைகளுக்கு ஈடாக அடுக்கு வீடுகள் வரும் என்று எதிர்பார்க்கப்படும் இந்நாளில், உயில் எழுத வந்தவரிடம் மதம் எது என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். சாட்சிக்கு வந்தவரிடம் உறவு எது என்றும் கேளுங்கள்.